ஆட்டிடம் சொன்னது

உட்காருங்க அக்கா. அந்தச் சாக்கை மடித்துப் போட்டு உட்காருங்க. எனக்குக் கையை நிறுத்த முடியாது. இந்தக் குவியல் முழுக்க இன்றைக்குள் காம்பு கிள்ளியாக வேண்டும். காம்போடு கொண்டுபோனால் தராசுக்காரர் மூக்கைச் சுளிப்பார். நீங்களும் ரெண்டு கை வத்தலை அள்ளி முன்னால் போட்டுக்கொள்ளுங்க. கிள்ள வேண்டாம், கிள்ளுகிற மாதிரி இருந்தால் போதும். பார்க்கிறவர்கள் கூலிக்கு வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். கையை மட்டும் கண்ணுப் பக்கம் கொண்டுபோகாதீங்க. குண்டு மிளகாய் இது. கழுவினாலும் காந்தல் போகாது. நான் என் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்குவதென்றாலே முழங்கையால்தான் தூக்குகிறேன்.

அந்தத் தாளை உள்ளே வைங்க. படித்துவிட்டேன். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் போயிருக்கிறேன், எழுத்துக் கூட்டிப் படிப்பேன். சூரியகலாவை ஊர் தள்ளிவைத்தது, யாரும் அவளோடு பேசக் கூடாது, வண்டி ஏற்றக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது, அதனால்தான் அவள் உயிர் போனது என்று எழுதியிருக்கிறீங்க. கீழே சாட்சி என்று போட்டு இடம் விட்டிருக்கிறீங்க. ஊரில் எல்லாரும் கட்டுப்பாடு என்று ஒன்று கிடையவே கிடையாது, பாம்பு தீண்டியது, அவ்வளவுதான் என்று போலீசில் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு கையெழுத்து இருந்தால் போதும் என்கிறீங்க. கூடப் பிறந்தவள், உங்களுக்கு ஆத்திரம் இருக்கத்தான் செய்யும். ஆனால் நான் எப்படிப் போடுவேன்.

நான் ஆள் முன்னால் பேசுகிறவள் இல்லை அக்கா. ரேஷன் கடையில்கூட கார்டை நீட்டிவிட்டு நிற்பேன். பாமாயில் இல்லை என்று சொன்னால் திரும்பி வந்துவிடுவேன். மதினிதான் என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவாள். உங்கள் தங்கச்சியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவது. "ஏத்தா முனீசு, இல்லைனு சொன்னா ஏன் இல்லைனு கேக்கணும். வாயி சோறு திங்க மட்டுமா" என்பாள். அவளே கேட்பாள். எண்ணெய் வரும். என் வீட்டுக்காரர் சவுதி போனதிலிருந்து எனக்கு வாய் என்றால் அது மதினி வாய்தான்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. நீங்கள் திருப்பூர் போய் இருபது வருசம் ஆகிவிட்டது என்று மதினி சொல்லியிருக்கிறாள். பொங்கல் கழிந்ததும் தராசை ஏலம் விடுவார்கள். யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு அந்த வருசத் தராசு. அந்தப் பணம் கோயிலுக்கு. அதற்குப் பிறகு ஊரில் விளைகிற வத்தல் ஒவ்வொரு மூட்டையும் அவர் தராசில்தான் ஏற வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. நாலு வருசமாகப் பூமிநாதன் சித்தப்பாதான் எடுக்கிறார். அதோ அந்தத் தகரக் கொட்டகையில் நிற்கிறாரே, அவர்தான். நல்ல மனுசன். என் பிள்ளை யாழினி பிறந்தபோது ஒரு கிலோ பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

இந்த வெள்ளாமையின் முதல் பறிப்பில் ஒருநாள் காலையில் மதினி ரெண்டு மூட்டையை முதல் பஸ்ஸில் போட்டு டவுன் சந்தைக்குக் கொண்டுபோய்விட்டாள். சாயங்காலம் வந்து சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு எனக்குச் சொன்னாள். அங்கே ஆறு வியாபாரிகள் சாக்குக்குள் கை விட்டுப் பார்த்தார்களாம். ஆறு பேரும் ஆறு விலை சொன்னார்களாம். "விலை சொல்லிட்டு என் மொகத்தைப் பாக்குறாங்க ஏத்தா. நான் என்ன சொல்வேனோனு காத்துக்கிட்டு நிக்கிறாங்க. வேண்டாம்னு சொல்லலாம்னு எனக்கு அப்பத்தான் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தாள். விலை நம் ஊரைவிட நல்ல விலைதான். ஆனால் அவள் விலையைப் பற்றி ஒரு தடவைதான் சொன்னாள். வேண்டாம் என்று சொன்னதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். முதல் ஆளிடம் வேண்டாம் என்றாளாம். ரெண்டாவது ஆளிடமும் வேண்டாம் என்றாளாம். சும்மா சொல்லிப் பார்த்தாளாம்.

அது ஊர்க்கூட்டம் வரைக்கும் வந்துவிட்டது. கோயில் முன்னால் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். தலைக்கட்டுக்கு ஒருத்தர் வர வேண்டும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் என்பதால் நான் போனேன். பொம்பளைகள் நானும் மதினியும் இன்னும் மூணு பேரும்தான். நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

ஊர்த் தலைவர் அம்பலகாரர் பொறுமையாகத்தான் கேட்டார். "ஊருக்குப் பொதுவா ஒரு தராசு இருக்கும்போது நீ ஏத்தா வெளியே கொண்டுபோன?"

"அது ஊரு வத்தல் இல்லையே மாமா. என் வத்தல். நான் நட்டேன், நான் தண்ணி பாய்ச்சினேன், நான் பறிச்சேன்" என்றாள் மதினி.

"எல்லாரும் சேந்து எடுத்த முடிவும்மா."

"எல்லாரும் சேந்து கை தூக்கினா என் வத்தல் உங்க வத்தல் ஆயிடுமா? அப்ப நாளைக்கு என் காதுல கெடக்குற தோட்டுக்கும் கை தூக்குவீங்க."

நாலு பேர் சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது, அம்பலகாரருக்கு முகம் மாறிவிட்டது. கோயில் காரியத்துக்குத் துரோகம் பண்ணுகிறாள் என்று யாரோ சொன்னார். அதற்கும் அவள் சும்மா இருக்கவில்லை. "கோயிலுக்குக் கேளுங்க, தர்றேன். கேட்டா தர்றேன், புடுங்குனா தர மாட்டேன். பூமிநாதன் தராசு நல்ல தராசுனா யாரும் கட்டாயப்படுத்தாமலே நான் வருவேன். பக்கத்துல இன்னொரு தராசு நிக்கட்டும், அப்ப தெரியும்" என்றாள். பூமிநாதன் சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். பாவமாக இருந்தது.

அப்புறம் அம்பலகாரர் சொன்னார், இது ஊர்ச் சட்டம் என்று. அதற்கு அவள், "சட்டம்னா உங்களுக்கும் எனக்கும் ஒண்ணா இருக்கணும் மாமா. உங்க மச்சினன் போன வருசம் டிராக்டர்ல ஏத்துனப்ப இந்தச் சட்டம் எங்க போச்சு?" என்றாள். அதைக் கேட்டிருக்க வேண்டாம் அக்கா. உண்மைதான், ஆனால் உண்மை என்பதற்காகக் கேட்டுவிடுவதா.

பிறகு மூட்டையைத் தூக்கிவிட்டது யார் என்று கேட்டார்கள். ஒற்றை ஆளாக ரெண்டு மூட்டையைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது, யாரோ முனையைப் பிடித்திருக்கிறார்கள், அவர்களுக்கும் தண்டம் உண்டு என்றார்கள். மதினி தூண் பக்கம் திரும்பவே இல்லை. "நானே தூக்கினேன். எனக்கு ரெண்டு கை இருக்கு" என்றாள்.

நான்தான் பிடித்தேன். பிள்ளையைத் திண்டில் கிடத்திவிட்டு ஒரு முனையை நான் பிடித்தேன். கண்டக்டர் மேலே இழுத்துப் போட்டார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது உங்களிடம்தான்.

கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். ஊர்க் காலில் விழுந்து எழுகிறவரைக்கும் சூரியகலாவோடு பேச்சு வார்த்தை கிடையாது, கொடுக்கல் வாங்கல் கிடையாது, வண்டி ஏற்றுவது கிடையாது, களத்தில் இடம் கிடையாது. மீறுகிறவர்களும் தண்டம் கட்டி ஊர்க் காலில் விழ வேண்டும். அறுபத்தோரு தலைக்கட்டில் அறுபது கை. நானும் தூக்கினேன். இத்தனை பேர் முன்னால் என் கையை யாரும் எண்ணியது அதுதான் முதல் தடவை. எண்ணுகிறவர் என் பக்கம் வந்து, "முனீஸ்வரி, ஒண்ணு" என்று பெயர் சொல்லி எண்ணினார். வீட்டுக்கு வந்தும் என் காதுக்குள் அது கேட்டுக்கொண்டிருந்தது.

நான் ஒருத்தி தூக்காமல் இருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும், ஐம்பத்தொன்பது. அவ்வளவுதானே.

அவள் விழவில்லை. விழுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒரு வாரத்தில், ஒரு மாசத்தில் என்று. உங்கள் தங்கச்சி பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா. பஞ்சாயத்துக் குழாயில் எல்லாரும் பிடித்த பிறகு பிடித்தாள். மளிகைக்கு டவுனுக்கு நடந்தாள். அவள் மகள் துர்காவை மட்டும் பள்ளிக்கூடத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பிள்ளைகள் பக்கத்தில் உட்காரவில்லை.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீங்க. பேசக் கூடாது என்று ஊர் சொன்னது எனக்கு ஒரு விதத்தில் லேசாகத்தான் இருந்தது. பேசத் தெரியாதவளைப் பேசாதே என்றால் அது என்ன கஷ்டம். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு திண்டாடினார்கள். எனக்கு எப்போதும் போலத்தான்.

ஆனாலும் நான் மதினியை விட்டுவிடவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். எங்கள் ரெண்டு வீட்டுக்கும் நடுவில் அந்த மார் உயரச் சுவர்தானே. என் பக்கம் ஒரு ஆட்டுக்குட்டி கட்டியிருந்தேன், கறுப்புக் குட்டி, நெற்றியில் மட்டும் வெள்ளை. அதற்குக் குழை போடும்போது, "ஏ குட்டி, நாளைக்குக் குழாயில தண்ணி வராதாம், இன்னைக்கே புடிச்சு வச்சுக்கிட்டவ பொழச்சா" என்பேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏ குட்டி, உன் எஜமானிக்குச் சொல்லு, பிள்ளைக்குச் சளினா கற்பூரவள்ளி எங்க சுவர் ஓரமா மொளைச்சுக் கெடக்குனு" என்று வரும். ரெண்டு மாசம் அப்படித்தான். ஊர் மனுசரோடுதானே பேசக் கூடாது என்றது. ஆட்டோடு பேச எனக்கு வெட்கமும் இல்லை. அந்த ரெண்டு மாசம் பேசின அளவுக்கு நான் மதினியோடு முன்னே பின்னே பேசினதே இல்லை. வீட்டுக்காரர் போன் பண்ணாததையெல்லாம்கூடக் குட்டியிடம் சொல்லி அழுதிருக்கிறேன். குட்டி பாட்டுக்குக் குழை தின்னும். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும்.

ஒருநாள் குழாயடியில் தராசுக்காரர் பெண்சாதி தமயந்தி சின்னம்மா குடத்தை நிமிர்த்திக்கொண்டே சொன்னாள், "முனீசு வீட்டு ஆடு நல்லாக் கதை கேக்குதாமே. அடுத்த கூட்டத்துக்கு அதையும் கூட்டிட்டு வரச் சொல்லணும், தலைக்கட்டு வரி போட்டுறலாம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊர்க் காலில் விழுவது என்றால் அத்தனை ஆம்பளைகள் முன்னால் குப்புற விழ வேண்டும் அக்கா. நினைத்துப் பாருங்க, நான்.

அந்தத் திங்கட்கிழமையே குட்டியைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். அது ஒரு அதிசயம் கேளுங்க. மூணு வியாபாரிகள் வந்து அதன் முதுகைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒருத்தர் ஒரு விலை சொன்னார், நான் பேசாமல் நின்றேன். பேச வராமல்தான் நின்றேன். அவர் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஏற்றினார். இன்னொருத்தர் அதற்கு மேலே ஏற்றினார். எனக்குச் சந்தோசமாகிவிட்டது. என் ஆடு, நான் வளர்த்தது, எனக்குப் பிடித்த ஆளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. வந்து சுவர்ப் பக்கம் போனேன். அப்புறம்தான் நினைப்பு வந்தது, யாரிடம் சொல்வது, குட்டி இல்லையே என்று.

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் அது நடந்தது.

மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். பங்குனி மாசத்தில் மழை வருமா, வந்தது. தெற்கே கறுத்துக்கொண்டு காற்று அடித்தது. களத்தில் ஊர் வத்தல் முழுக்கக் காய்கிறது. எல்லாரும் தார்ப்பாய் இழுத்து மூட ஓடினோம். மதினிக்குத்தான் களத்தில் இடம் இல்லையே, அதோ அந்தக் கருவேலம் புதர் ஓரத்தில் காயப் போட்டிருந்தாள். தார்ப்பாயைச் சுருட்டிப் புதர் அடியில் வைத்திருந்தாள். அதை இழுக்கக் கையை விட்டாள். கடித்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை அக்கா. அவனவன் வத்தலை அவனவன் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

துர்கா அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்தாள். அவள்தான் ஓடினாள். ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள், அது வேறு ஊருக்குப் போயிருந்தது, முக்கால் மணி ஆகும் என்றார்கள். அடுத்து மாயழகு அண்ணன் ஆட்டோ. அவர் சாவியைக் கையில் எடுத்துவிட்டார், நான் பார்த்தேன். ஒரு கால் ஆட்டோவுக்குள்ளே, ஒரு கால் வெளியே. "ஏத்திறவா? ஒரு வார்த்தை கேட்டுக்கிறவா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். எல்லாரும் அம்பலகாரர் வீட்டுப் பக்கம் பார்த்தோம். மாயழகு அண்ணன் அங்கே ஓடினார்.

அம்பலகாரரைக் குறை சொல்லக் கூடாது. அவர் சாப்பாட்டிலிருந்து எச்சில் கையோடு எழுந்து வந்தார். "நான் ஒருத்தன் எப்படிச் சரினு சொல்றது. ஊர் கூடிப் போட்ட கட்டு, ஊர் கூடித்தான் அவுக்கணும்" என்றார். அது முறைதானே. கோயில் மைக்கில் கூப்பிட்டார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது, வத்தலை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஆள் சேர அரை மணி ஆனது. மதினியை வேப்பமரத்தடியில் கட்டிலில் கிடத்தியிருந்தது. கை இவ்வளவு பெரிதாக வீங்கி, ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. கை தூக்கச் சொன்னார்கள். ஒருத்தர்கூட மறுக்கவில்லை அக்கா. அத்தனை பேரும் தூக்கினோம். தமயந்தி சின்னம்மா வீட்டுக்காரர் ரெண்டு கையையும் தூக்கினார். அந்தத் தாளில் இதையும் நீங்கள் எழுத வேண்டும். வேண்டாம் என்று ஒரு கைகூட இல்லை. எண்ணி முடித்ததும் மாயழகு அண்ணன் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு பறந்தார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகிறபோதே உயிர் இல்லை என்றார்கள்.

மறுநாள் ஊரே சுடுகாட்டுக்குப் போனது. கட்டு அவிழ்ந்துவிட்டதே, போகலாம்.

என்ன கேட்கிறீங்க.

என்ன பாம்பு என்று நான் சொல்லவில்லையே. கண்ணாடி விரியன். மூணு முழம் இருக்கும், முதுகில் வட்டம் வட்டமாக.

அடித்துப் பார்க்கவில்லை. அது யாருக்கும் அகப்படவில்லை.

இந்த வத்தல் இப்படித்தான், காம்பு கிள்ளக் கிள்ளக் கண்ணில் தண்ணீர் வரும். துடைக்கவும் முடியாது. பொறுங்க.

என் இடம் களத்தில் கடைசி. அதற்கு அடுத்துப் புதர்தான், மதினிதான். தமயந்தி சின்னம்மா தன் தார்ப்பாய் காற்றில் பறக்கிறது என்று என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அது புதரிலிருந்து வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. சுருட்டி வைத்த தார்ப்பாய்க்குள் தலையை விட்டது, அப்புறம் உடம்பு, அப்புறம் வால். மதினி வாளியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

இருமினேன் அக்கா. சத்தியமாக ரெண்டு தடவை இருமினேன்.

"என்ன முனீசு, காரமா?" என்றாள் சின்னம்மா.

"ஆமா சின்னம்மா, காரம்" என்றேன்.

மதினி என் இருமலைக் கேட்டாள். அவளுக்குத் தெரியும், நான் எதையோ சொல்லப் போகிறேன் என்று. நின்று என் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால் பக்கம் தரையில் பார்த்தாள், குட்டி நிற்கிறதா என்று. குட்டி இல்லை. லேசாகச் சிரித்துவிட்டுக் குனிந்தாள்.

நான் பொய் சொல்லவில்லை பாருங்க, யாரும் பார்க்கவில்லை என்று சொன்னேன், என்னைத் தவிர என்று சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும், தண்டம் கட்டி விழுந்து எழுந்திருப்பேன். இப்போது தெரிகிறது. அந்த நேரத்தில் தெரியவில்லை. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது எல்லாம் சின்னம்மா பக்கத்தில் நிற்கிறாள் என்பது மட்டும்தான்.

துர்கா உங்களோடு வருகிறாளா. நல்லது. கூட்டிப் போங்க. போகிறதுக்கு முன்னால் என்னைப் பார்க்க வர வேண்டாம் என்று சொல்லுங்க. அவள் சுவர் மேல் ஏறி எங்கள் பக்கம் குட்டி கட்டியிருந்த முளையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், ரெண்டு நாளாக.

அந்தத் தாளைக் கொடுங்க. இல்லை, வேண்டாம், என் கைபட்டால் காரம். அங்கேயே விரித்து வைங்க. சாட்சி என்று போட்ட இடத்தில் என் பெயர் எழுத எனக்குத் தெரியும். முதல் எழுத்து கொஞ்சம் கோணலாக வரும். பேனா எங்கே.

கூப்பிடுகிறார், கேட்கிறதா. "முனீஸ்வரி, மூட்டையைக் கொண்டா. தராசு சும்மா நிக்குது." இதோ வர்றேன் சித்தப்பா. பாருங்க, எனக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள், அதற்குள் என் முறை வந்துவிட்டது. தாளை மடிங்க, மடித்து வத்தலுக்கு அடியில் வைங்க, பார்க்கிறார். நான் மூட்டையை ஏற்றிவிட்டு வந்துவிடுகிறேன். நீங்கள் போய்விடாதீங்க. போவதாக இருந்தால் நான் பார்த்தேன் என்று மட்டும் எழுதாதீங்க அக்கா, குட்டி இல்லை என்று எழுதுங்க, அன்றைக்கு மட்டும் குட்டி என் பக்கத்தில் நின்றிருந்தால் நான் கட்டாயம்